இரண்டு கோ

யோகராணியின் கடிதம் காலை ஆறு இருபதுக்கு வந்தது,
அரவேணு இலைக் கொட்டகையிலிருந்து.
“சார், உங்க சாஃப்ட்வேர்
பன்னிரண்டு மாசக் கணக்கை மூட்டை கட்டுது.
பிரிச்சா ஒன்பது மாசம்தான் வருது.
பாக்கி மூணை எங்க வச்சிருக்கீங்க?
திங்கக்கிழமை பட்டுவாடா.
ஆளுங்க இப்பவே கவுன்ட்டர்ல நிக்கிறாங்க.”

நான் சார் இல்லை.
அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

கோத்தகிரியில், டானிங்டன் மாடி அறையில்
நானே பன்னிரண்டு மாதம் செய்தேன்,
கட்டினேன், பிரித்தேன்.
பன்னிரண்டும் வந்தன.
‘என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது’
என்று எழுதி
அனுப்பாமல் அழித்தேன்.

உங்கள் மூட்டையையே அனுப்புங்கள் என்றேன்.
மழை நாளின் நெட்டில் நாற்பது எம்.பி.
வந்து சேர மதியமாயிற்று.

எடை குறையவில்லை.
அப்படியென்றால் மூன்று மாதமும் உள்ளேதான் இருக்கின்றன.
சரிபார்ப்புத் தொகை பொருந்துகிறது.
வைரஸ் காவலாளியைக் கொஞ்ச நேரம் சந்தேகித்தேன், பாவம்.
பிறகு பெயர்களை உரித்துப் பார்த்தேன்,
எழுத்தாக அல்ல, எண்ணாக.

கோத்தகிரி.
கோத்தகிரி.
திரையில் ஒரே ஊர்.
உள்ளே, ஒன்றில்
கொம்பும் காலும் சேர்ந்தே பிறந்த ஒற்றைக் குறி,
மூன்று பைட்.
மற்றதில் கொம்பு தனி, கால் தனி,
ஆறு பைட்.
ஜூன், ஜூலை, ஆகஸ்டு:
புதுத் தராசோடு வந்த போன் எழுதிய மாதங்கள்.

மூட்டைக்குள் பெயரை இரண்டு இடத்தில் எழுதுவோம்,
ஒவ்வொரு கோப்பின் நெற்றியிலும் ஒரு முறை,
வாலில் கிடக்கும் பட்டியலில் ஒரு முறை.
நெற்றியில் போன் எழுதிய கோ.
வாலில் நிரல் திருத்திய கோ.
பிரிக்கும்போது இரண்டையும் வைத்துப் பார்த்து
இது வேறு ஆள் என்று
ஒரு வார்த்தை சொல்லாமல்
தாண்டிப் போயிருக்கிறது.

அந்தத் திருத்தத்தை எழுதியது யார் என்று
பழைய பதிவில் தேடினேன்.
இரண்டு வருஷம் முந்தைய மார்ச், இரவு 11.40.
என் பெயர்.
குறிப்பு: ‘சின்ன மாற்றம்.’

ஜன்னலுக்குக் கீழே தேயிலைக்குள்
ஒரு காட்டெருமை வெகுநேரமாய் நின்றிருந்தது.
கொம்பு தெரிந்தது. கால் தெரியவில்லை.
தேநீர் வைத்துத் திரும்புவதற்குள்
மஞ்சு கொம்பையும் எடுத்துக்கொண்டது.

நான்கு வரிதான் எழுதினேன்.
ஒப்பிடும் முன் இரண்டு கோவையும் ஒரே கோவாக்கு.
அப்போதும் பொருந்தாவிட்டால்
தாண்டாதே, கத்து.

மாலை ஐந்துக்கு யோகராணி போனில் வந்தாள்.
“அட, மேடமா?” என்றாள்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நேரமில்லை.
“பன்னிரண்டு மாசமும் வந்திருச்சு.
இருநூத்திப் பதினாலு பேர்ல ஒருத்திதான் இடிக்குது.
ஸ்ரீகலா.
கோப்பு இருக்கு. பேரேடு அவளைத் தெரியாதுங்குது.”

மறுபடி உரித்தேன்.
பேரேட்டில் ஒரு ஸ்ரீ, கோப்பில் வேறொரு ஸ்ரீ.
கண்ணுக்கு ஒரே சுழி, அடியில் வேறு வேறு மெய்.
கோவுக்கு விதி இருந்தது.
இந்த இரண்டும் ஒன்றென்று
சொல்லும் விதி எங்கும் இல்லை.
நானாக ஒன்று எழுதலாம்.
எழுதினால்
வேறு எந்த ஊரில் எந்த இரண்டு பேர்
ஒருவராகிவிடுவார்களோ.

இதை எப்படிச் சொல்வதென்று தயங்கி,
இரண்டும் ஒரே ஆள்தான் என்று
நிச்சயமாகத் தெரியுமா என்றேன்.

“என்ன மேடம் கேக்குறீங்க?
கட்டபெட்டு ரோட்டு வளைவுல ரெண்டு ஏக்கர்.
ஜூலை ஒன்பது, கூடையை நான்தான் எடை போட்டேன்.
முப்பத்தொரு கிலோ.
அன்னிக்கு இலை எல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு.
ஈரத்துக்கு மூணு கழிச்சேன்.
அதுக்கு அவ என்னைப் பார்த்த பார்வைகூட
இன்னும் இருக்கு.”

சரி, பெயரைக் கையாலேயே மாற்றிவிடுங்கள் என்றேன்.
மாற்றிவிட்டேன் என்றாள்,
நான் சொல்லி முடிப்பதற்குள்.